வழியனுப்பாமல் விட்டது

பச்சைப் பைன் விறகின் புகையில் மதுலிக்குக் கண் கலங்கவே இல்லை.

கோபுலி அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈரம் காயாத விறகு, எரிகிறதோ இல்லையோ, வீடு முழுக்கப் புகைந்து பூனையைக்கூட வாசலுக்கு விரட்டியிருந்தது. அவளே முக்காட்டு நுனியால் மூக்கையும் கண்ணையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டுதான் ரொட்டி தட்டினாள். மகளோ அடுப்புக்கு நேர் எதிரில், புகை போகிற வழியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை அகல விரித்தபடி சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். இமை ஒருமுறைகூடத் தட்டவில்லை.

"தள்ளி உட்காருடி, கண்ணு அவிஞ்சு போயிடப் போகுது."

"பரவால்ல ஈஜா. கதகதப்பா இருக்கு. இன்னும் சோறு இருக்கா?"

குரல் பெண்ணுடையதுதான். ஆனால் அந்த 'ஈஜா'வை இழுத்து, கடைசியில் கொஞ்சம் செல்லம் சேர்த்துச் சொன்ன விதம் அவள் அண்ணன் ஹயாத்துடையது. அம்மாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது. அதற்கு அடியில் எங்கோ ஓர் ஓரத்தில் மட்டும் அவளுக்குப் பயமாக இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சிமல்காட் என்கிற அந்த மலைக் கிராமத்தில் மார்கழி வந்துவிட்டால் மதியச் சாப்பாடு முடிவதற்குள் வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். வானம் வெளிச்சமாகவே இருக்கும், ஊர் மட்டும் கிணற்றுக்குள் கிடப்பதுபோல நிழலில் கிடக்கும். ஆற்றின் இரைச்சல் அப்போதுதான் கூடும். பகலெல்லாம் ஜீப் ஹாரனிலும் குக்கர் விசிலிலும் மறைந்திருந்த சத்தம் படியேறி வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ஆறுதான் ஆடி மழையில் ஹயாத்தின் ஜீப்பைக் கொண்டுபோனது. அவன் அதில் கிளீனர். அன்று காலையில்தான் கோபுலி அவனை அறைந்திருந்தாள். மலையில் ஒன்றுமில்லை, கீழே போய் ஃபேக்டரி வேலை பார்க்கிறேன் என்றான். "போனா அப்படியே போ, திரும்பி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டாள். எந்தத் தாய்தான் கோபத்தில் சொல்லவில்லை? டிரைவர் உடல் கீழே அணைக்கட்டில் ஒதுங்கியது. பிள்ளை கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவனை என்ன செய்வது? மலைக்காரர்கள் செய்வதைச் செய்தாள். ஆவியை அழைத்துப் பாடுகிற ஜஸ்ராமைக் கூப்பிட்டு ஜாகர் என்கிற சடங்கை வைத்தாள். அவர் உடுக்கை அடித்துப் பாட, அவருடைய மருமகன் வெண்கலத் தட்டைத் தட்ட, செத்தவன் யார் மேலாவது இறங்கி வந்து தன் குறையைச் சொல்வான். கொழுந்தன் திவான் மேல்தான் வழக்கமாக இறங்கும். நெற்றியில் திருநீறு பூசி அவனை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் சும்மாவே உட்கார்ந்திருக்க, கதவோரம் நின்ற மதுலி நடுங்க ஆரம்பித்தாள். "ஈஜா, உள்ள வரட்டுமா?" என்றாள், அண்ணனின் அதே இழுப்பில்.

கோபுலி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "வாடா என் ராசா, உன் வீடுதானேடா!"

அதோடு விட்டிருக்கலாம். வந்தவனைப் பாடித் திருப்பி அனுப்ப ஜஸ்ராம் உடுக்கையைத் தூக்கியபோது, கோபுலி உள்ளங்கையால் அதன் தோலை அழுத்திப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் அண்ணே. அறைஞ்சு அனுப்பினேன். ரெண்டு வாய் சோறு போட்டுக்கறேன்."

"விளையாடாதே தங்கச்சி. கூப்பிட்டவங்கதான் வழியனுப்பணும். இது உறவுக்காரங்க வந்துட்டுப் போற மாதிரி இல்ல."

"உங்க பிள்ளையா இருந்தா அனுப்புவீங்களா?"

அவர் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். கோபம்தான்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், ஓர் உடம்பில். முதலில் அந்தி நேரத்தில் மட்டும் அவன் பேசினான். பிறகு மதியம். பிறகு மதுலியாக அவள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. எப்போதும் எதையாவது தொணதொணக்கிற பெண், பள்ளிக்கூடத்து வம்பெல்லாம் அளக்கிற பெண். அவள் படுக்கையை உதறினால் மணல் கொட்டியது. அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஆற்றங்கரை வண்டல் வாசனை போர்வையிலும் தலைமுடியிலும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாமல் இருந்தது.

ஜீப் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற திவான் கிண்டல்கூடச் செய்தான். "என்ன அண்ணி, நித்தம் அரிசி வாங்கறீங்க? சொல்லாம கொள்ளாம மாப்பிள்ளை பிடிச்சிட்டீங்களா?"

"போடா, உன் கண்ணுல கொள்ளி வைக்க" என்று சிரித்துவிட்டு வந்தாள். அவனுடைய நாய் அவளோடு முற்றம்வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

இன்று, சோறு தீர்ந்து, செய்து வைத்திருந்த கேழ்வரகு ரொட்டியெல்லாம் தீர்ந்தபோது, ஃபோன் அடித்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. வாதுமை மரத்தடிக்கு ஓடினாள். தெரியாத நம்பர்.

"ஈஜா..."

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈஜா, நான்தான். திட்டாதே. அன்னிக்கு ஜீப்ல நான் ஏறவே இல்ல. உன் மேல கோவம். லாரி பிடிச்சு கீழ ருத்ரபூர் ஃபேக்டரிக்கு வந்துட்டேன். உன்கிட்ட பேசவே கூடாதுன்னு நம்பரையே மாத்திட்டேன். நேத்துதான் நம்ம ஊர் ஆளு ஒருத்தரைப் பார்த்தேன், பேயைப் பார்த்த மாதிரி கத்தறாரு. எனக்கு ஜாகர் வேற வச்சியாமே?" அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையானது. "பஸ் ஏறப் போறேன். காலையில வந்துடுவேன். சார்ஜ் இல்ல, வச்சிடறேன்."

ஹயாத். உயிரோடு. அவள் பிள்ளை. கோபுலிக்குக் கூவ வேண்டும்போல இருந்தது, மலை அதிரக் கூவ வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

திறந்த கதவு. உள்ளே அடுப்பு வெளிச்சம். தட்டை விரலால் வழித்து நக்குகிற சத்தம்.

அப்படியென்றால் உள்ளே இருப்பது யார்?

திரும்ப அழைத்துப் பார்த்தாள். அவன் ஃபோன் அணைந்துவிட்டிருந்தது. வராதே என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? வீட்டுக்குள் போகாமல், செருப்புகூட இல்லாமல், ஜஸ்ராம் வீட்டுக்குப் படியேறி ஓடினாள்.

அவர் முழுதும் கேட்டார். பீடியை அணைத்தார்.

"உசிரோட இருக்கறவனைச் செத்தவன்னு சொல்லிக் கூப்பிட்டிருக்கோம்" என்றார். "அந்தப் பேருக்கு செத்தவங்க நடுவுல ஆள் இல்ல. கூப்பிட்டது காதுல விழுந்த எதுவோ வந்திருக்கு. நீ உள்ள வான்னு வேற சொல்லிட்ட."

"இப்போ அனுப்பிடுங்க அண்ணே. கால்ல விழறேன். என் பொண்ணு சின்னப் பொண்ணு."

"எந்தப் பேரைச் சொல்லி அனுப்பறது?"

ஆனாலும் வந்தார். நல்ல மனிதர். உடுக்கை அவர் தோளில் ஆடியது. அவர்கள் இறங்கி வருவதற்குள் பனிமூட்டம் ஆற்றிலிருந்து எழும்பி முற்றத்தை மூடியிருந்தது, வீடு இருக்கிற இடத்தில் சிவப்பாக ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

மதுலி அதே இடத்தில் இருந்தாள். ஜஸ்ராம் வாசலிலேயே நின்று உடுக்கையை ஒருமுறை தட்டினார். தோல் ஈரம் ஏறியதுபோல மொத்தென்றது.

"யாரு நீ? எந்த ஊரு? எந்தக் குலம்? பேரைச் சொல்லு, மரியாதையா அனுப்பி வைக்கறேன்."

"ஹயாத்" என்றது அது. "ஈஜாதான் பேர் வச்சா."

"அது உன் பேர் இல்ல."

"எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சு பெரியவரே. தண்ணியில ரொம்ப நாளாச்சு. மறந்துபோச்சு." குரலில் பொய் இல்லை. "இது நல்லா இருக்கு. சோறு இருக்கு. நெருப்பு இருக்கு."

ஜஸ்ராம் மறுபடி தட்டினார். மொத்து. மறுபடி. சத்தமே வரவில்லை. அவர் கை நின்றது.

"என் பொண்ணு எங்க?" என்றாள் கோபுலி. "இதுக்குள்ள இருந்தாளே என் மதுலி. எங்க அவ?"

மதுலியின் முகம் அவளை அன்பாகப் பார்த்தது.

"நான் இருந்த இடத்துலதான். அங்க யாராவது ஒருத்தர் இருக்கணும்ல ஈஜா?"

கோபுலி ஓடினாள். பனியில் கல் தெரியவில்லை. முள் தெரியவில்லை. ஜஸ்ராம் பின்னால் கத்திக்கொண்டே வந்தார். ஆறு. இரைச்சல். பாறை வழுக்கல். முழங்கால்வரை தண்ணீர், கத்தியாக அறுக்கிற குளிர்.

"மதுலீ!"

இரைச்சல்.

பிறகு அதற்கு அடியிலிருந்து, மிக அடியிலிருந்து, மூச்சு விடாமல் பேசுகிற ஒரு சின்னக் குரல். தொணதொணவென்று. இருட்டா இருக்கு ஈஜா, யாரோ நிறைய பேர் இருக்காங்க ஈஜா, எல்லாரும் என் பேரையே கேட்கறாங்க ஈஜா, சொல்லட்டுமா?

"சொல்லாதடீ!" என்று அலறினாள். "சொல்லாதே! பேரை மட்டும் சொல்லிடாதே!"

ஜஸ்ராம் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். உடுக்கை தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. "ம..." என்று தொடங்கிய குரல் நின்றுவிட்டது. கோபுலி காத்திருந்தாள். ஆற்றுச் சத்தம் மட்டும்தான்.

மேலே பனி விலகி, கதவு கிறீச்சிட்டது.

வாசலில், அடுப்பு வெளிச்சத்துக்கு முன்னால், மதுலி நின்றாள். முக்காட்டை ஒழுங்காகப் போட்டு, கையில் சுடச்சுட ரொட்டித் தட்டோடு. பல நாளுக்குப் பிறகு, ஹயாத்தின் இழுப்பு இல்லாமல், மதுலியின் சொந்தப் பேச்சில், அவள் ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஈஜா, குளிர்ல என்ன பண்றே? உள்ள வா. அண்ணன் வேற காலையில வர்றானாமே, அவனுக்கும் சேர்த்துச் சுட்டிருக்கேன்."

அவளுக்குப் பின்னால், அடுப்பைச் சுற்றி, நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார்கள். எல்லாருடைய தலைமுடியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.