பனம்பாத்தி மணல்

திருவெம்பாவைப் பூசை அன்று வெள்ளனவே முடிந்துவிட்டது. தம்பி அரியநாயகத்தோடு கோயிலால் வந்த யோகம்மா பனங்கொட்டை புதைத்திருந்த வளவின் கோடிக்குள் போனதுதான் தாமதம், கரம்பொன் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தத் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ தம்பி, ஓடி வா! தைப்பொங்கல் கழிஞ்சு கிண்ட வேண்டிய பனம்பாத்தி வெறும் மணலாக் கிடக்கு! ஒரு கிழங்கும் இல்லை!"

குசினிக்குள் நின்ற மீனாம்பிகை அவசரமாக அடுப்படிப் பானையை மூடினாள். பாத்தியை ஓலை போட்டு மூடுவதற்கிடையில் வந்துவிட்டார்களே!

"ஆர் கிண்டினது?" அரியநாயகம் சால்வையைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார்.

"நான்தான்..." என்றாள் மீனாம்பிகை.

"கேட்டியா தம்பி? உன்ர மனிசி கோயிலுக்கு வராமல் வீட்டில நிண்டது இதுக்குத்தான்! சரவணையில இருக்கிற தன்ர தமையன் வீட்டுக்கு மூட்டையாப் போயிருக்கும். களவெடுத்துக் குடுக்கிறா!"

களவு! வாழ வந்த நாளிலிருந்து மச்சாள் யோகம்மாவின் எத்தனையோ சொல்லை விழுங்கியவள் மீனாம்பிகை. இதை எப்படி விழுங்குவது? ஆனாலும் வாய் திறந்தால் மகள் நிலாந்தியின் காரியம் கெட்டுவிடும்.

நிலாந்தி பள்ளிக்கூட உதைபந்தாட்டக்காரி. கல்லுத்தரையில் பாய்ந்து பழகி முழங்கால் வீங்கியதும், இனி ஓட்டமும் வேண்டாம் பாய்ச்சலும் வேண்டாம் என்று தகப்பன் ஒரே பிடியாக நின்றுவிட்டார். காலில் பலம் ஏறாமல் சனிக்கிழமை மாவட்ட அணித் தெரிவுக்குப் போய் என்ன பயன்? பூமணலில் பாய்ந்தால் முழங்கால் நோகாமல் காலில் பலம் ஏறும் என்று பயிற்சி கொடுக்கிற ரீச்சர் சொல்லியிருந்தா. அந்தக் கல்லு வளவில் பூமணல் பனம்பாத்தியைத் தவிர வேறெங்கே இருக்கிறது? அதனால் திருவெம்பாவை தொடங்கிய நாளிலிருந்து, இவர்கள் கோயிலுக்குப் போனதும் மகளைப் பாத்தியில் பாயவிட்டு, திரும்பி வருமுன் ஓலையால் மூடிவிடுவாள்.

"வாயைத் திறவுமன்! கிழங்கு எங்க?" யோகம்மா குசினிக்குள் பாய்ந்து அடுப்படிப் பானையைத் திறந்தாள்.

சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பிஞ்சுக் கிழங்குகள் அவித்தபடி கிடந்தன. பக்கத்தில் பாதி தின்ற ஒன்று.

"இதையோ நீர் தின்னுறனீர்?" யோகம்மாவின் குரல் இறங்கியது.

"வீணாக்க மனம் வரேல்லை மச்சாள்... காலமையில நான் இதைத்தான் தின்னுறனான்."

காலெல்லாம் மணலாக நிலாந்தி ஓடி வந்தாள். "மாமி, அம்மாவை ஏசாதேங்கோ! நான் பாயத்தான் அவ பாத்தியைக் கிண்டினவ. அப்பா, முழங்காலைப் பாருங்கோ... வீக்கமே இல்லை!"

அரியநாயகம் குந்தியிருந்து அந்த முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாத்திக்கு நடந்தார். மூடப் போகிறாரோ! மீனாம்பிகை பின்னாலே ஓடினாள்.

அவர் குனிந்து மணலுக்குள்ளிருந்து ஒரு பனங்கொட்டையை எடுத்தார். "கொட்டையளைப் பொறுக்காமல் விட்டிருக்கிறீர். பிள்ளையின்ர காலில குத்தாதோ?" என்றபடி மணலை ஆழமாகக் கொத்தத் தொடங்கினார். "என்னட்டைச் சொல்லியிருக்கலாமெல்லே?"

"சொன்னா விட்டிருப்பியளோ?"

அவர் இன்னொரு கொட்டையைப் பொறுக்கி வெளியே எறிந்தார். மீனாம்பிகைக்கு அப்போதுதான் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

யோகம்மா கோயில் விபூதியை அவள் நெற்றியில் பூசினாள். "களவெண்டிட்டனே பிள்ளை... என்ர நாக்கு அழுகிப் போக!" என்று கட்டிப்பிடித்து விம்மினாள்.

"இப்ப பாய் பார்ப்பம்," என்றார் அரியநாயகம்.

நிலாந்தி ஓடி வந்து எழும்பிப் பாய்ந்தாள்.

"என்ர கெட்டிக்காரி!" கரம்பொன் முழுக்கக் கேட்க முதலில் கத்தியது யோகம்மாதான்.