மூடிய மட்டிகள்

காலை ஏழு மணிக்கு, சிப்பியின் வயதைக் கொண்டு கடல் ஏறிய காலத்தை அளக்கும் பறக்கும் கருவியான காலமானி வழக்கம்போலப் புதுக்கரைக் குடியிருப்பின் மேல் வந்தது. தரையில் கிடந்த சிப்பி ஓடு ஒன்றை ஒளியால் தொட்டது. பச்சை எண் எரிந்தது: முப்பத்தோராயிரம் ஆண்டுகள்.

கடந்த ஏழாயிரம் ஆண்டுகளில் கடல் ஏறிய மண்ணில் எவரும் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். ஏறிய இடத்துக்கு அது மறுபடி வருகிறது. இரண்டு முறை கடலுக்கு ஊரிழந்து இங்கே குடியேறிய முந்நூறு குடும்பங்களுக்கு இது ஒன்பதாவது பச்சை. நாளையும் வந்தால் பத்து; பட்டா கிடைக்கும். களஆய்வாளர் அமலி கையெழுத்திட வேண்டும்.

அமலி மண்டியிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவர் செபஸ்தி டீ கொண்டுவந்தார்.

"மெஷினே சொல்லியாச்சு. இன்னும் எலி மாதிரி பறிச்சிக்கிட்டுக் கிடக்கியே மச்சினி."

"எலிக்கு டீயெல்லாம் உண்டா அத்தான்?"

அவர் சிரித்தார். "சேத்துல எலி மாட்டிக்கக் கூடாதுல்ல. அதுக்குத்தான் இந்தச் சிப்பிச் சரளை. மேற்கே குவாரியிலேருந்து நாலு லாரி அடிச்சோம்."

அமலியின் கை நின்றது. காலமானி இந்த மண்ணை அளக்கவே இல்லை. ஒன்பது நாளும் குவாரியை அளந்திருக்கிறது.

சரளையை விலக்கித் தோண்டினாள். நண்பகலில், ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில், சாம்பல் நிறச் சேறு. அதில் இரண்டு மட்டிச் சிப்பிகள் நிமிர்ந்து நின்றன; ஓடுகள் மூடியே இருந்தன. அலை உருட்டி வந்த மட்டியின் ஓடுகள் பிரிந்துவிடும். இவை இங்கேயே வாழ்ந்து இங்கேயே புதைந்தவை.

குழியின் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, காலமானியை இறக்கி அதற்கு ஒரு மட்டியைக் காட்டினாள். ஐயாயிரத்து எண்ணூறு. சிவப்பு.

"மூடிடு அமலி," என்றார் செபஸ்தி. "நான் எதையும் பாக்கல."

"அக்கா பிள்ளைங்க இங்கதான அத்தான் தூங்கும்."

அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"ஒரு குழிதான? கடல் தண்ணி வந்த பழைய வாய்க்காலா இருந்தா?"

"இருக்கலாம். அதான் இன்னும் ரெண்டு தோண்டணும். மேடான இடமா, சரளை விழாத இடமா."

புதுக்கரையிலேயே மேடான, சரளை கொட்டாத இடம் அவர் வீடு. போன மாதம்தான் தளம் போட்டிருந்தார். எழுந்து போய்க் கடப்பாரையுடன் திரும்பி வந்தார்.

"அடுப்படியிலேருந்து ஆரம்பி."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அமலி அவர் பின்னால் போனாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அக்கா, பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.