பயப்படாத பிள்ளை

உப்பளங்களின் மேல் பனி இன்னும் விலகவில்லை. குவித்து வைத்திருந்த உப்பு, தரையில் இறங்கி இளைப்பாறும் மேகம்போலக் கிடந்தது. கனாக்கோபுரத்தின் நீல விளக்கு அணைந்ததும் தூத்துக்குடியின் பிள்ளைகள் ஒவ்வொருவராக விழித்துக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். சிலர் வாசலுக்கு வந்து, இரவு கண்ட கனவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொன்னார்கள். சொல்லத் தேவையே இல்லை. எல்லாருக்கும் வந்தது ஒரே கனவுதான்.

கஸ்பார் வேலைக்குக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். குடிநீர்க் குழாய்களில் கசிவு கேட்பது அவர் தொழில். நீர்ச்செவி என்கிற நீண்ட கோலைத் தரையில் ஊன்றிக் காதை வைத்தால், மண்ணுக்கடியில் நீர் எங்கே வீணாக முணுமுணுக்கிறது என்று தெரிந்துவிடும். அவர் தெருவில் திரும்பியதும் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. பல் விளக்கிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி பிரஷ்ஷைப் போட்டுவிட்டு அலறியபடி உள்ளே ஓடினாள். கஸ்பார் நிற்காமல் நடந்தார். இரண்டு வருடமாக இப்படித்தான்.

அந்தக் கனவின் பெயர் எச்சரிக்கைக் கனா. சுவரொட்டியும் திரைப்படமும் பிள்ளைகளைக் கடத்தல்காரர்களிடமிருந்து காப்பாற்றவில்லை, பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றுதான் காப்புத் துறை அதைக் கண்டுபிடித்தது. கனவிலிருந்து யாரும் முகத்தைத் திருப்ப முடியாதல்லவா? கோபுரத்தின் அலை, உறங்கும் மூளைக்குள் இறங்கும். கடற்கரையில் ஒருவர் வந்து உட்காருவார். பெயர் கேட்பார். கையைப் பிடிப்பார். பிறகு அந்தக் கை விடாது. பிள்ளை கத்திப் பார்க்கும், குரல் வராது. கடலும் சத்தமில்லாமல் நின்றுவிடும். பெரியவர்களுக்கும் இதே கனவு; அதில் அவர்களும் பிள்ளையாகவே இருப்பார்கள்.

கனவில் வரும் ஆளின் முகத்தை ஓர் இயந்திரம் செய்தது. பிள்ளைகளைக் கடத்தித் தண்டனை பெற்ற பல ஆயிரம் பேரின் முகங்களைக் கலந்து, யாருடையதும் அல்லாத ஒரு சராசரி முகம். அது அச்சு அசலாகக் கஸ்பாரின் முகமாக வந்து நின்றது.

அவர் துறைக்குப் போய் முறையிட்டார். அதிகாரி தமயந்தி பொறுமையாகத்தான் கேட்டார்.

"அது யாரோட முகமும் இல்ல சார். சோதிச்சுப் பாத்துத்தான் வெச்சோம்."

"அப்ப நான் யாரு மேடம்?"

தமயந்தி மேசை இழுப்பறையைத் திறந்தார். 'இவர் அவரல்லர்' என்று எழுதிய, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பினார். அதைப் படிக்கிற தூரத்துக்கு எந்தப் பிள்ளையும் வரவில்லை. தங்கை மகள் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. "புள்ள பயப்படும்ணே," என்று தங்கை போனில் அழுதாள்.

அன்றைக்குக் கசிவு ரெஜினாவின் இறால் கொட்டகைப் பக்கம் கேட்டது. ரெஜினா அக்கா அந்த வட்டாரத்தின் செல்லம். கோயில் திருவிழாவில் பிள்ளைகளுக்குப் பலூன் வாங்கிக் கொடுப்பது அவள்தான். கஸ்பாரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க தம்பி. ஊரு ஆயிரம் சொல்லட்டும், எனக்கென்ன பயம்? டீ குடிக்கியளா?"

நெஞ்சு நிறைந்துபோயிற்று அவருக்கு. டீயைக் குடித்துவிட்டுக் கொட்டகையின் பின்பக்கம் போனார். கம்பி வேலிக்கு உள்ளே, பத்து வயதிருக்கும், ஒரு பெண்பிள்ளை பிளாஸ்டிக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தது. கஸ்பார் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலறல் வரும் என்று காத்திருந்தார்.

"தண்ணி வேணுமா மாமா?"

திரும்பினார். அந்தப் பிள்ளை அவரை நேராகப் பார்த்துச் சிரித்தது. இரண்டு வருடத்தில் அவரிடம் பேசிய முதல் பிள்ளை. பனிக்குள் வெயில் இறங்கி, வேலி, கூடை, அதன் கலைந்த தலைமுடி எல்லாம் மினுங்கின. தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது. செம்பில் நீட்டிய தண்ணீரை வேலி வழியே வாங்கிக் குடித்தார். பெயர் கேட்க நினைத்து, கனவில் வருகிற ஆளும் அதைத்தானே கேட்பான் என்று வாயை மூடிக்கொண்டார். பிள்ளையே சொன்னது, பேச்சி என்று.

மறுநாள் அங்கே கசிவு எதுவும் இல்லை. இருந்தும் போனார். இந்த முறை கேட்டேவிட்டார்.

"என்னைப் பாத்தா உனக்குப் பயமில்லையாம்மா?"

"எதுக்கு?"

"கனவுல வருவேனே."

பேச்சிக்குப் புரியவில்லை. "எங்களுக்குக் கனவெல்லாம் வராது மாமா. ராத்திரிதான லோடு வரும், விடியுமுன்ன உரிச்சு முடிக்கணும். பகல்லதான் படுக்க விடுவாவ."

அப்போதுதான் அவர் அதன் விரல்களைப் பார்த்தார். ஐஸிலேயே கிடந்து வெளுத்து, நுனி வெடித்திருந்தன.

"எத்தனை பேரு இருக்கிய?"

"பதினோரு பேரு. அக்காட்ட சொல்லிராதிய, வெளியாளுகூட பேசுனா சோறு கிடையாது."

கஸ்பாருக்கு உறைத்தது. கோபுரம் பகலில் இயங்காது; சாலையில் கண்ணயரும் ஓட்டுநர்களுக்கு ஆபத்து என்று சட்டமே தடுத்திருந்தது. பெற்றோர் அணைப்பில் உறங்குகிற பிள்ளைகள் எல்லாரையும் அந்தக் கனவு உலுக்கியிருக்கிறது. யாருக்காகச் செய்தார்களோ, அவர்கள் இரவெல்லாம் விழித்து இறால் உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெருமுனைக்குப் போய்க் காப்புத் துறையின் உதவி எண்ணை அழைத்தார். திரையில் அவர் முகத்தைப் பார்த்ததுமே இயந்திரக் குரல் குறுக்கிட்டது: "உங்கள் முகம் எச்சரிக்கை முகத்தோடு பொருந்துகிறது. அருகில் பிள்ளைகள் இருந்தால் விலகி நில்லுங்கள்." மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அதேதான்.

கஸ்பார் போனைப் பைக்குள் போட்டார். பிறகு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து, கொட்டகையின் முன்வாசலுக்கு வந்தார். இரும்புக் கதவைக் கோலால் ஓங்கி அடித்தார்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க! கனவுல வாரவன் வந்திருக்கேன்! இந்தக் கொட்டகையில இருக்கிற புள்ளையளுக்காக வந்திருக்கேன்! புகார் குடுங்க!"

தெரு அலறியது. போன்கள் உயர்ந்தன. ஒரு கல் வந்து நெற்றியில் பட்டது. ரெஜினா ஓடிவந்தாள்.

"இங்க புள்ளையள் ஏது? பைத்தியம்! யாரும் போன் பண்ணாதிய!"

அவள் பேச்சு எடுபடவில்லை. ஒரு பயல்கூட நகரவில்லை. ஏழே நிமிடத்தில் காப்புப் படை வந்து கஸ்பாரை மண்டியிட வைத்தது. பின்னாலேயே தமயந்தி இறங்கினார்.

"மேடம், என்னை எங்க வேணா கொண்டுபோங்க. அதுக்கு முந்தி அந்தக் கதவைத் திறங்க. உள்ள இருக்கிற புள்ளையள என்னைப் பாக்கச் சொல்லுங்க. ஒண்ணாச்சும் அழுதா, உங்க கனா எல்லாப் புள்ளையளையும் காக்குதுன்னு ஒத்துக்கிடுதேன்."

கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு, வெயிலுக்குக் கண் கூசியபடி, பதினோரு பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். முகத்தில் ரத்தம் வழிய மண்டியிட்டிருந்த மனிதரைப் பார்த்தார்கள். ஒருவரும் அழவில்லை. "மாமாக்கு அடிபட்டிருக்கு," என்றாள் பேச்சி.

அன்று சாயங்காலம் தமயந்தி அவர் நெற்றிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருஷத்துல மூணு லட்சம் புகார் சார். நெசமா மீட்ட புள்ளைங்க இருபதுகூட இருக்காது. பயந்தவங்க எல்லாம் உங்களை மாதிரி ஆளைத்தான் காட்டுனாங்க." பிறகு கேட்டார்: "எங்ககூட வேலைக்கு வர்றீங்களா? தெருத் தெருவா நடந்தா போதும். உங்களைப் பாத்துப் பயப்படாத புள்ள எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"வாரேன். ஆனா அந்தப் பதினோரு பேருக்கு மட்டும் கனாவை நிறுத்திவைங்க மேடம்."

"அதெப்படி சார்? இனிமேயாவது அவங்களுக்குப் பாதுகாப்பு வேணாமா?"

இரண்டு நாள் கழித்து, அனுமதி வாங்கிக்கொண்டு, கஸ்பார் காப்பகத்துக்குப் போனார். சுத்தமான கூடம், சுவர் முழுக்கக் காலை வெளிச்சம். எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு பேச்சி தூரத்தில் நின்றாள். பல வருடத்துக்குப் பிறகு இரவில் நன்றாக உறங்கியிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பேச்சி, நான்தாம்மா. தண்ணி குடுத்தியே."

அந்த முகம் மெல்ல மாறியது. கைகள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தன. பிறகு அவள் ஓடிப்போய்க் காப்பாளரின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காப்பாளர் அவள் தலையைத் தடவியபடி, கையிலிருந்த பலகையில் எதையோ குறித்தார். "ரெண்டே நாள்ல புரிஞ்சுக்கிட்டா பாருங்க," என்றார் மகிழ்ச்சியாக.

சேலைக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"இவரப் போவச் சொல்லுங்க. ரெஜினா அக்காவ வரச் சொல்லுங்க."