தூங்குமூஞ்சியும் கடைசிப் பாடமும்

அந்த வார்டுக்குத் தினமும் இரண்டு தள்ளுவண்டிகள் வரும். ஒன்று ஊசி வண்டி. அது சத்தமே போடாது. இன்னொன்று புத்தக வண்டி. அதன் சக்கரம் எண்ணெயைக் கண்டதே இல்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் திரும்பும்போதே ‘கிரீச், கிரீச்’ என்று கத்தும்.

ஊசி வண்டியைக் கண்டால் எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே தூக்கம் வந்துவிடும். புத்தக வண்டிக்குத் தூங்குகிறவன் ஒருவன்தான். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஒன்பது வயதுப் பையன் அவன். வயிற்றில் ஆபரேஷன் செய்து தையல் போட்டிருந்தார்கள். வார்டில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

அடுத்த கட்டிலில் வானொலி. காலில் எலும்பு முறிந்து, தொடை வரை மாவுக்கட்டோடு படுத்திருந்த பத்து வயதுப் பெண். கால் அசையாததற்கும் சேர்த்து வாய் அசைந்தது. பெயர் வைத்தவர் நர்ஸ்.

அன்றும் புத்தக வண்டி வந்தது. பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பாடம் சொல்லித்தரும் டீச்சர், கட்டில் கட்டிலாக வந்து ஜன்னலோரத்தில் நின்றார். தூங்குமூஞ்சி குறட்டை விட்டான்.

“பாவம், தூங்கட்டும். நாளைக்கு முதல் பாடம் ஆரம்பிக்கலாம்” என்று டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

“டேய், குறட்டை ரொம்ப அதிகம்” என்றாள் வானொலி. “நிஜமாத் தூங்கறவங்க நடுவுல ஒரு கண்ணைத் திறந்து பார்க்க மாட்டாங்க.”

அவன் சிரித்துவிட்டான். தையல் இழுத்தது. “ஐயோ, சிரிக்க வைக்காதீங்கக்கா. வலிக்குது!”

“படிக்கப் பயமா?”

“பயமெல்லாம் இல்ல. முதல் பாடம் எனக்கு மனப்பாடம்.”

சொன்னதோடு நிற்காமல், குடையைத் தொலைத்த ஆமையின் கதையைக் கடகடவென்று ஒப்பித்தான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

“அடுத்த பாடம்?”

“அது தெரியாது. எங்கப்பா ரோடு ரோலர் ஓட்டறாரு. ஒரு ரோடு முடிஞ்சா அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவோம். அங்க புது டீச்சர். ‘சரி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்’பாங்க. மறுபடியும் ஆமை!”

“இங்க ரெண்டாம் பாடம் வேணும்னு கேட்க வேண்டியதுதானே?”

“கேட்டா? அடுத்த ஊர்ல மறுபடியும் ஆமை, ரெண்டாம் பாடம். அதுக்குள்ள அந்த ரோடும் முடிஞ்சிடும்.”

சாயங்காலம் அவனுடைய அப்பா வந்தார். சட்டையெல்லாம் தார். மகனின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பள்ளிக்கூடம் மாத்தி மாத்தி என்னத்தைக் கண்டோம்? ஒரு பாடத்தைத் தாண்டல. உடம்பு சரியானதும் என்கூட வந்துடு. வண்டிங்களை நிறுத்தக் கொடி பிடிக்க ஒரு ஆள் வேணும்.”

அப்பா போனதும் அவன் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டான். இந்தத் தடவை தூக்கமும் இல்லை, நடிப்பும் இல்லை. அழுதான்.

வானொலிக்கு யாரையும் சமாதானப்படுத்தத் தெரியாது. கேள்வி கேட்கத்தான் தெரியும். “ஏண்டா, ரோடு எப்படிப் போடுவாங்க?”

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. “அப்பா ஆளுங்க இந்த முனையிலேர்ந்து போட்டுக்கிட்டுப் போவாங்க. இன்னொரு கூட்டம் அந்த முனையிலேர்ந்து போட்டுக்கிட்டு வரும். நடுவுல ரெண்டும் சேர்ந்துடும்.”

வானொலி பேச்சை நிறுத்திவிட்டாள். நெடுநேரம் சத்தம் வராததால், காய்ச்சலோ என்று நர்ஸ் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் ‘கிரீச்’ கேட்டதுமே வானொலி ஆரம்பித்தாள். “டீச்சர், இவனுக்குக் கடைசிப் பாடத்துலேர்ந்து சொல்லிக்குடுங்க!”

“கடைசியிலேர்ந்தா?”

“எந்த ஊருக்குப் போனாலும் இவனுக்கு முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கறாங்க. அந்தப் பக்கத்தை அவங்க பார்த்துக்கட்டும். இந்த முனையிலேர்ந்து நாம போட்டுக்கிட்டு வருவோம். ரோடு மாதிரி!”

டீச்சர் ஜன்னலோரம் பார்த்தார். குறட்டை இல்லை. இரண்டு கண்களும் திறந்திருந்தன.

“கடைசிப் பாடம் கஷ்டமா இருக்குமேப்பா?”

“பரவாயில்ல டீச்சர். அதுல ஆமை இல்லையே!”

கடைசிப் பாடம் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. அந்தப் பெயரிலேயே அவன் பலமுறை தடுக்கி விழுந்தான். காலையில் டீச்சர் தூக்கிவிட்டார். மத்தியானம் வானொலி தூக்கிவிட்டாள். அவன் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளுக்குள் அந்தப் பாடமும் முடிந்தது, அதற்கு முந்தைய பாடமும் முடிந்தது.

அன்று அப்பா பையோடு வந்தபோது, மகன் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு, முடியும் வரை நின்று கேட்டார்.

“இதுல ஆமையைக் காணோமே?”

“இது கடைசிப் பாடம்ப்பா. நான் அந்த முனையிலேர்ந்து வர்றேன்.”

சாலை போடுகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டீச்சர் கொடுத்த புத்தகத்தை வாங்கி, அதன் நடுப்பக்கத்தைப் பிரித்து, விரலால் நீவிப் பார்த்தார்.

“ரெண்டும் சேர்ற இடத்துலதான் வண்டி குலுங்கும். மேடு பள்ளம் இல்லாமப் பார்த்துக்கணும், என்ன?”

“அப்போ கொடி?”

“அதுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். நீ உன் ரோட்டைப் போடு.”

“அடுத்த ஊர்ல ஆமையைக் கேட்டதாச் சொல்லு!” என்று கத்தினாள் வானொலி.

தூங்குமூஞ்சி விழுந்து விழுந்து சிரித்தான். தையல் பிரித்தாகிவிட்டதால், கொஞ்சம்கூட வலிக்கவில்லை.