நடு மூன்று கம்பிகள்

விஜயதசமி, காலை 8.10. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. பூஜையில் வைத்த கருவிகளை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க ஆட்கள் வாசலில் கூடியிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமைத் திறந்த வாட்ச்மேன் பாக்கியநாதன், உள்ளே போன வேகத்தைவிட அதிக வேகத்தில் வெளியே வந்தார்.

"அன்பு செத்துக் கெடக்கறான்யா!"

அன்புசெல்வன். டிரில்லிங் மெஷின் ஆபரேட்டர், வயது இருபத்தாறு. நாற்காலியில் சாய்ந்திருந்தான். மடியில் கிடார். காலடியில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். அதன் வயர் ஓரிடத்தில் தோல் உரிந்து செம்பைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

அப்படிச் சட்டென்று புரிந்துவிடுகிற விஷயங்களில்தான் சப்-இன்ஸ்பெக்டர் சுமலதாவுக்கு நம்பிக்கை கிடையாது. அவர் வந்து சேர ஒன்பது ஆகிவிட்டது. முந்தின நாள் சந்தனம், குங்குமம், மாலை என்று சகல மரியாதையும் வாங்கிக்கொண்ட ஜீப், இன்று தள்ளினால்தான் கிளம்புவேன் என்றது.

"ஏட்டய்யா, நேத்து எலுமிச்சம்பழத்து மேல ஜீப்பை ஏத்தினமா, இல்ல ஜீப் மேல பழத்தை ஏத்தினமா?"

"ஏத்தினது ஜீப்பைத்தான் மேடம். அதுக்கு முன்னாடி தள்ளினது நானு," என்றார் ஏட்டு ஆதிகேசவன், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஷெட்டுக்குள் பூஜைக்காகத் தரை கழுவிவிட்ட ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் பொட்டு, சாமந்திச் சரம், வாழைக்கன்று. நடுவில் மஞ்சள் பூசிய அகலமான மரப்பலகை. அதன்மேல் சரஸ்வதி படம். முன்னால் ஆளாளுக்கு வைத்த கருவிகள். குறடு, ஸ்பேனர், வெர்னியர், தேய்ந்த அரம், ஸ்பிரிங் வைத்த ஏதோ ஒரு சின்ன கிளிப், டெஸ்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம்.

"எடுத்துக்கலாமா மேடம்?" என்றார் ஒருவர்.

"கொஞ்சம் பொறுங்க. சாமியே பொறுமையாத்தான் இருக்கு."

ஸ்டோர் ரூமில் போட்டோ எடுத்து முடித்ததும், கையுறை மாட்டிக்கொண்டு கிடாரின் கம்பிகளை ஒரு தரம் வருடினார். சுருதி வழக்கமானதாக இல்லை. விரலே வைக்காமல் சும்மா மீட்டினாலும், யாரோ அழுது முடித்துவிட்டு முகம் கழுவுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது கட்டத்தில் கேப்போ மாட்டியிருந்தது. கிடாரின் கழுத்தைக் கவ்வி ஆறு கம்பிகளையும் ஒரே கோட்டில் அழுத்துகிற கிளிப். புத்தம் புதுசு.

"மேடத்துக்கு கிடார் தெரியுமா?"

"காலேஜ்ல மூணு வருஷம் கத்துக்கினேன். எதிர்வீட்டுக்காரர் ஊடு மாத்திக்கினு போனதுதான் அதுல நான் கண்ட பலன்."

பாக்கியநாதனைக் கூப்பிட்டார்.

"நேத்து பூஜை எப்ப முடிஞ்சுது?"

"நாலு இருக்கும். பொரி, சுண்டல் வாங்கிக்கினு எல்லாரும் போய்ட்டாங்க. அன்பும் சூப்பர்வைசர் சாரும்தான் இருந்தாங்க."

"அப்புறம்?"

"அஞ்சரை போல ரூம்ல கிடார் சத்தம். எப்பவும் வாசிப்பானே, அதே பாட்டுதான். ஆனா நேத்து ஆரம்பம் மட்டும் திருப்பித் திருப்பி வந்துச்சு. அத்தத் தாண்டவே இல்ல."

"போய்ப் பாத்தீங்களா?"

"ஆறு மணிக்கு சார் வண்டிய எடுத்தாரு. அவன் வாசிச்சிக்கினு கீறான், நீ போய் பேஜாரு பண்ணாதன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அதுக்கப்புறம் சத்தம் கேட்டுதா?"

"இல்ல மேடம். தூங்கிட்டான்னு நெனச்சிக்கினேன்."

"மெஷின் ஏதாவது ஓடிச்சா?"

"அஞ்சு மணி வரைக்கும் ரோடு பூரா லாரிக்கு பூஜை, பட்டாசு, பேண்டு. நானும் வெளிய நின்னு வேடிக்கை பாத்துக்கினு இருந்தேன். என் இருமலே எனக்குக் கேக்கல."

அடுத்து சூப்பர்வைசர் விஷ்ணுவர்தன். திருவள்ளூரிலிருந்து தினமும் காரில் வருகிறவர். இஸ்திரி கலையாத சட்டை. இரவு முழுக்கத் தூங்காத கண்.

"ரொம்ப நல்ல பையன் மேடம். ஆன்யுவல் டேக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சிருக்கோம். அந்த ஆம்பைத் தூக்கிப் போடுடான்னு எத்தனை வாட்டி சொன்னேன்!"

"இந்தச் சுருதி வித்தியாசமா இருக்கே?"

விஷ்ணுவர்தனின் முகத்தில் துக்கத்தையும் மீறி ஒரு வெளிச்சம் வந்தது. தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாணவனின் வெளிச்சம்.

"டாட்காட்னு ஒரு ட்யூனிங் மேடம். ஓரத்துக் கம்பி மூணையும் இறக்கிக் கட்டிட்டு, மேல கேப்போ போட்டுப்பான். அவனோட பாட்டு எல்லாமே அதுலதான்."

"அவரே சொன்னாரா?"

"கேட்டேன், சிரிச்சான். காதால கேட்டே நான் கண்டுபிடிச்சேன்."

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. பொன்னேரி பக்கத்துக் கிராமத்திலிருந்து அன்புவின் அப்பா மணவாளனும் தங்கை பூமிகாவும் வந்துவிட்டார்கள். மணவாளன் மகனிடம் போகவில்லை. கிடாரிடம் போனார். இரண்டு போலீஸ்காரர்கள் பிடிக்க வேண்டியிருந்தது.

"குடுய்யா அந்தக் கட்டைய! அவன் கூடவே வச்சிக் கொளுத்தறேன். நெல்லு வெளயற ஊட்ல பொறந்துட்டு கம்பிய நோண்டிக்கினு... சாவறான் பாரு, நோண்டியே சாவறான்! ஊரே சிரிக்கப் போவுது!"

"நைனா, கம்முனு இரு," என்றாள் பூமிகா. குரல் உடையவில்லை, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒத்திப்போட்ட மாதிரி இருந்தது. "மேடம், அண்ணன் நேத்து வாசிச்சிருக்க மாட்டான். சரஸ்வதி பூஜைக்கு கிடார சாமிகிட்ட வெச்சிட்டு, மறுநாள்தான் தொடுவான். இந்த வருஷம் கம்பெனியிலயே வெக்கறேன்னு எடுத்துக்கினு வந்தான்."

"கிடாருக்கெல்லாம் இடமில்ல, டூல்ஸ் மட்டும்தான்னு நாங்கதான் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினோம்," என்றார் விஷ்ணுவர்தன் அவசரமாக. "பூஜைல வைக்கல, அதனால வாசிச்சிருப்பான்."

பூமிகா கிடாரை உற்றுப் பார்த்தாள். "இந்த கிளிப்பு அண்ணனுது இல்ல."

அவளுடைய போனில் ஒரு வீடியோ இருந்தது. வரப்பில் உட்கார்ந்து அன்பு வாசிக்கிறான். அதே அழுகை, அதே முகம் கழுவல். அதற்குப் பிறகு பாட்டு எங்கெங்கோ போய்த் திரும்பி வருகிறது. சுமலதா அவன் விரல்களை மட்டும் நான்கு முறை பார்த்தார். பிறகு அந்தக் கிடாரைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதே பாட்டை வாசிக்கப் பார்த்தார்.

விரலே வைக்காத ஆரம்பம் அப்படியே வந்தது. முதல் விரலை வைத்ததும் பாட்டு செத்துப்போனது.

"மேடம் வாசிச்சா அப்படித்தான் வரும்," என்று ஆறுதல் சொன்னார் ஆதிகேசவன்.

"எப்பவும் நான்தான் தப்பு ஏட்டய்யா. இன்னிக்கு ஒருநாள் கிடார் தப்பு."

11.20. அன்புவின் உடலைக் கொண்டுபோன பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரின் போன். மின்சாரம் பாய்ந்த சாவுதான். காயம் வலது உள்ளங்கையில். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பட்டை, ஏதோ இரும்புக் கைப்பிடியைப் பிடித்த மாதிரி. இடது கை விரல்களில் எதுவும் இல்லை.

சுமலதா எழுந்து ஷெட்டுக்குள் நடந்தார். அன்புவின் டிரில்லிங் மெஷின் முன்னால் நின்றார். மற்ற மெஷின்களில் சாமந்திச் சரம் முழுசாகத் தொங்கியது. இதில் பாதிதான். கூலன்ட் எண்ணெய் தேங்கும் தட்டில் மஞ்சள் இதழ்கள், பொடிப்பொடியாக, இரும்புச் சுருளோடு சுருண்டு கிடந்தன. மெஷினின் எர்த் வயர் கழன்றிருந்தது.

"இது முன்னாடியே ஷாக் அடிக்குமா?" என்று ஆட்களைக் கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் சொன்னார்: "அடிக்கும் மேடம். சொல்லிப் பாத்தோம். ஒரு மரப்பலகை குடுத்து, இது மேல நின்னு ஓட்டுங்கன்னாங்க."

"பலகை எங்க?"

அவர் சரஸ்வதி படத்தைக் காட்டினார். படம் இருந்தது அதன் மேல்தான்.

சுமலதா ஆட்கள் பக்கம் திரும்பி, "சரி. எல்லாரும் அவங்கவங்க டூலை எடுத்துக்குங்க," என்றார்.

ஒவ்வொருவராக வந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனார்கள். குறடு போனது. ஸ்பேனர், வெர்னியர், அரம், டெஸ்டர் போயின. பலகைக்கு முன்னால் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஸ்பிரிங் வைத்த சின்ன கிளிப். அதன் ரப்பரை இரண்டு ஓரத்திலும் அரத்தால் செதுக்கி, நடுவில் மட்டும் விட்டிருந்தது. அதற்கும் ஒரு பொட்டு.

"இது யாருது?"

யாரும் வரவில்லை. பூமிகாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "அண்ணன்து."

சுமலதா ஸ்டோர் ரூம் கிடாரை எடுத்துவரச் சொன்னார். புது கேப்போவைக் கழற்றினார். ஓரத்துக் கம்பிகள் மூன்றையும் பழைய சுருதிக்கு ஏற்றினார். அரம் போட்ட கிளிப்பை இரண்டாம் கட்டத்தில் மாட்டினார்; நடு மூன்று கம்பிகளை மட்டும் அது அழுத்தியது. வீடியோவில் பார்த்த இடங்களில் விரல் வைத்தார். தட்டுத் தடுமாறி, ஆனால் பாட்டு வந்தது. ஆரம்பத்தைத் தாண்டியும் வந்தது. வாட்ச்மேன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"விஷ்ணுவர்தன் சார், உங்க காது நல்ல காது. நடுவுல மூணு கம்பிய மட்டும் தூக்கினாலும், ஓரத்துல மூணை இறக்கிட்டு ஆறையும் சேர்த்துத் தூக்கினாலும், சும்மா மீட்டினா ஒரே சத்தம். விரல் வெச்சாத்தான் வேஷம் கலையும். ஏன்னா அன்பு ஓரக் கம்பிய இறக்கவே இல்ல. பாதி கிளிப்பை வெச்சே அந்த ட்யூனிங் மாதிரி காட்டினாரு. நீங்க நெசமாவே ட்யூனிங்கை மாத்திட்டீங்க. அதான் ஆரம்பத்தைத் தாண்ட முடியல."

"நான் எதுக்கு மேடம் வாசிக்கணும்?"

"மெஷின்ல செத்தவரை ரூமுக்குத் தூக்கிக்கினு போய் உக்கார வெச்சிட்டு, அஞ்சரைக்கு அவர் உயிரோட இருந்தாருன்னு வாட்ச்மேன் காது சொல்றதுக்கு. கிடாருக்கு இடமில்லன்னு நீங்க அனுப்பினதும், அவர் அதுக்கு பதிலா கிளிப்பை வெச்சிருக்காரு. சாமிகிட்ட வெச்சதை அன்னிக்கு எடுக்கமாட்டாரு. நீங்க அவர் பாக்கெட்ல தேடியிருப்பீங்க. கெடைக்கல. உங்க கார்ல இருந்து புதுசை எடுத்து மாட்டினீங்க. ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி, பூஜை போட்ட மெஷினை ஓட்ட வெச்சீங்க. என்ன அவசரம்?"

விஷ்ணுவர்தன் உட்கார்ந்துவிட்டார். "ஆந்திரா லோடு. எட்டு மணிக்குள்ள எளாவூர் செக்போஸ்ட் தாண்டணும். ஒரே ஒரு பெட்டி குறைஞ்சுது. அவன் மாட்டேன்னான். நான்தான்... தரை ஈரம், பலகை இல்லைன்னு எனக்குத் தோணவே இல்லை. கொலை இல்ல மேடம்! சத்தியமா விபத்து!"

"விபத்துக்கு எதுக்கு சார் கச்சேரி?"

விஷ்ணுவர்தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நூத்தியெட்டுக்கு போன் பண்ணீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். ஜீப்பில் ஏறும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார், மெதுவாக: "அவன் என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல, பாதி கிளிப்னு?" ஆதிகேசவன் கதவைச் சாத்தினார்.

மணவாளன் கேட்டுக்கு வெளியே லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். சுமலதா பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இவருக்காவது ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று அவர் நினைத்தார். எத்தனை வருஷம் சர்வீஸ் போட்டாலும் இந்த மாதிரி அசட்டுத்தனம் அவரை விட்டுப் போகவில்லை.

"ஐயா, கிடார் இல்ல. அது ஒரு பாவமும் பண்ணல. உங்க பையன் நேத்து அதைத் தொடவே இல்ல. மெஷின்தான். எர்த் இல்லாத மெஷின். ஓட்டச் சொன்னவரைப் புடிச்சாச்சு."

மணவாளன் நிமிர்ந்து பார்த்தார். கோபம் முழுக்க வடிந்துவிட்டது. அதன் அடியில் இருந்தது கோபத்தைவிட மோசம்.

"மெஷினா?"

"ஆமாங்க."

"இந்த வேலைக்கே அவன் மாட்டேன்னுதாம்மா சொன்னான். கிடார் கிளாஸ் எடுத்துப் பொழச்சிக்கறேன்னான். நாந்தான் புது நெல்லு அரிசி ஒரு மூட்டய தூக்கிக்கினு அந்த சூப்பர்வைசர் ஊட்டு வாசல்ல போய் நின்னேன். கையப் புடிச்சிக்கினு கெஞ்சினேன். பையனுக்கு ஒரு மெஷினக் குடு சாமின்னு." கொஞ்ச நேரம் லாரி டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிடாருன்னே எழுதிக்கக் கூடாதாம்மா?"

சுமலதாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் இருக்கும். பாக்கெட்டில் கை விட்டதுபோல் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"முடியாதுங்க," என்றார்.

உள்ளே பூமிகா கிடாரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாட்சிப் பொருள், கேஸ் முடிகிறவரை தரமுடியாது என்று ஆதிகேசவன் தன் வாழ்நாளிலேயே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கிளிப்பை உறையில் போட்டு அரக்கு வைத்தார். சந்தனத்தைத் துடைக்கலாமா என்று கேட்டார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்றார் சுமலதா. "சாமிகிட்ட வெச்சது, இன்னும் யாரும் எடுத்துக்கல."