சரசா அக்கா போட்ட முடிச்சு

சென்னீர்குப்பத்தில், எங்கள் தெருவில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நான் ஒட்டுக்கேட்பதில்லை. என் ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு வித்யா ஐந்தாம் வகுப்பு. போன வருடம் ஒரு ரங்கூன் மல்லிக் குச்சியை நட்டாள். அது மதிலேறி, பக்கத்து வீட்டுச் சரசா அக்காவின் கேட்டில் படர்ந்து, கேபிள் ஒயரையும் பிடித்துவிட்டது. இந்த வாரம்தான் முதல் பூ.

வம்பும் அதோடு பூத்தது.

"சாயங்காலம் வெள்ளை வெளேர்னு கீது. காத்தால பூஜைக்குப் பறிக்கப் போனா, எல்லாம் ரோஸ் கலரு! எவனோ வெள்ளையா பாத்துப் பறிச்சுகினு போறான்!" என்று கத்தினார் சரசா அக்கா.

சந்தேகம் தெருக்கோடி வீட்டுக் கஜபதி மாமா மேல் விழுந்தது. விடியற்காலையில் பையோடு நடப்பவர் அவர் ஒருவர்தானே?

"நாய்ங்களுக்கு பிஸ்கட் எடுத்துனு போறேம்மா!" என்றார் அவர். யார் நம்பினார்கள்?

வித்யாவின் அப்பா ராகவன் அலுத்துப்போனார். "தினம் சண்டை. ஞாயித்துக்கிழமை இந்தக் கொடிய வெட்டிடறேன்."

வித்யாவுக்கு அழுகை முட்டியது. குழப்பமாகவும் இருந்தது. பறித்திருந்தால் மொட்டைக் காம்பு இருக்குமே? ஒன்றுகூட இல்லையே! அந்த ரோஸ் நிறப் பூ எங்கிருந்து வந்தது?

வியாழன் மாலை மஞ்சள் நூலோடு போனாள்.

"அக்கா, ஒரு வெள்ளைக் கொத்துல நீங்களே இத கட்டுங்க."

சரசா அக்கா மூன்று முடிச்சுப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நூல் இருந்தது. கொத்து ரோஸாக இருந்தது!

"திருடன் நூல அவுத்து வேற கொத்துல கட்டிட்டான்டீ!"

"முடிச்சப் பாருங்கக்கா. உங்களுதுதானே?"

அக்கா கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் முடிச்சேதான்.

சனிக்கிழமை அதே நூல், அதே முடிச்சு. பூ மட்டும் இரத்தச் சிவப்பு.

"இன்னாடி இது... பூவே கலர் மாத்திக்குதா?"

"ஆமாக்கா. வெள்ளை வேணும்னா சாயங்காலமே பறிச்சு வச்சிடுங்க."

ஞாயிறன்று ராகவன் கத்தியோடு வந்தார். சரசா அக்கா கேட்டை மறித்து நின்றார்.

"ஒரு இலைய தொட்டுப் பாரு நைனா!"

அப்புறம் கஜபதி மாமாவிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். "நாய்ங்களுக்கு," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மாமா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "இருக்கட்டும். என் பையப் பத்தி உனக்கு யாரும்மா சொன்னது?"

வித்யா மெதுவாகத் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தாள்.

நான் திரையை இழுத்து மூடினேன். வெயில் கொஞ்சம் அதிகம், அதனால்தான்.