எங்கும் போகும் பலகை

“அந்தாளுக்கு அந்தப் பலகையைக் குடுக்கேக்கை நீ என்னடி சொன்னனி?”

தொலைபேசியில் தங்கை சாருகாவிடம் கேட்டாள் தயாளினி. சுவிஸில் கால்டெக் மலையின் உச்சி நிலையத்தில், பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் ஸ்கீ கடையில்தான் சாருகாவுக்கு வேலை. வெளியே காற்று சுழன்று அடித்தது. காற்றுக்குப் பயந்து, மலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். கம்பியில் தொங்கிய கதிரைகள் ஆடிக்கொண்டிருந்தன.

“ஏன் அக்கா? அத்தான் இன்னும் வரேல்லையோ?”

“வந்தா நான் ஏன் உனக்குப் போன் அடிக்கிறன்? லிஃப்ட் நிண்டிட்டுதாம். உங்காலை இறங்கி பஸ்ஸிலை சுத்தி வந்தா இலக்கியாவைப் பள்ளிக்கூடத்தாலை கூட்ட நேரம் போயிடுமாம். மலைக்கு மற்றப் பக்கத்தாலை நேரா வீட்டடிக்கு இறங்கிறன் எண்டவர். அந்தப் பக்கம் பாதை இல்லையேப்பா எண்டு கேட்டன். ‘சாருகா தந்த பலகை இருக்கு, அது எங்கையும் போகுமாம்’ எண்டு சிரிச்சார். பிறகு போனே இல்லை. பிள்ளையை நான் வேலையாலை ஓடிப்போய்க் கூட்டியந்திட்டன். அவரைத்தான் காணேல்லை.”

சொன்னவள் சாருகாதான். போன சனிக்கிழமை புவன் அத்தான் கடைக்கு வந்து, பழகுநர் பலகை அலுத்துவிட்டது, வேறு தா என்று கேட்டபோது, தான் ஓடுகிற அதே ரகத்தில் ஒரு சோடி எடுத்துக் கொடுத்தாள். “இது எங்கையும் போகும் அத்தான். ஐஸ், மாப்பனி, ஈரப்பனி, இதுக்கு எல்லாம் ஒண்டுதான்.” கடைக்கு வருகிறவர்களிடம் வாய் பாடமாகச் சொல்லுகிற சொல். மூன்று குளிர்காலம் மட்டுமே சறுக்கிப் பழகிய ஒரு மனிதர் அதை வேதவாக்காக எடுப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

“அக்கா, நான் பாக்கிறன். போனை வை.”

விஷயத்தைக் கேட்ட நிலையப் பொறுப்பாளர் ஊர்ஸ், முழங்காலில் பட்டி கட்டியவர், சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் அவளை நிறுத்தினார். அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன்.

“இந்தக் காற்றில் ஹெலிகொப்டர் எழும்பாது. என் ஆட்கள் எல்லாரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்குகிறார்கள். மற்றப் பக்கத்தில், அடிவாரத்திலிருந்து மீட்புக் குழு காட்டுப் பாதையால் ஏறி வரும். ஆனால் அந்தப் பக்கம் எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும். எங்கே தேடுவார்கள்?”

“நான் மேலேயிருந்து இறங்கித் தேடினால்?”

ஊர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பிறகு கொக்கியில் கிடந்த வோக்கிடோக்கியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“தனியே போகாதே. நடுவில் இருக்கும் பெரிய பள்ளத்துக்குள் கால் வைக்காதே, அங்கே பனி சரிந்து விழக் காத்திருக்கிறது. வெளிச்சம் மங்க முன்னம் கண்டுபிடிக்காவிட்டால் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடு.”

துணைக்கு ஆள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மாமாவின் மகன் நிருஜன், ஸ்கீக் கழகத்துக்காகப் போட்டியில் ஓடுகிறவன், கடைக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நானும் வாறன் மச்சாள்.”

“உன்ரை அந்த ஊசிப் பலகையோடையோ?”

“உங்கடை பலகை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டிற பலகை இல்லை இது. பேசாமல் வாங்கோ.”

இருவரும் மண்வெட்டியும் பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கழியும் கயிறும் முதுகில் கட்டிக்கொண்டு, மஞ்சள் கயிறு கட்டிய எல்லைக்கு வந்தார்கள். அதற்கு அப்பால் யாரும் பனியைச் சமப்படுத்தாத மலை. கயிற்றுக்குக் கீழே பதுங்கிப் போன ஒற்றை ஆளின் தடம் பனியில் இன்னும் இருந்தது.

முதல் சரிவு வடக்குப் பார்த்தது. காற்று மேற்பனியை வழித்தெடுத்துக் கண்ணாடி போல ஆக்கியிருந்தது. நிருஜனின் ஒடுங்கிய பலகை அதில் கத்தி இறங்குவது போல் கீறிக்கொண்டு போனது. சாருகாவின் பலகையும் பிடித்தது, ஆனால் பிடிக்கச் சற்று யோசித்தது. காலுக்கடியில் கடகடவென்று உதறி, அந்த உதறல் பல் வரைக்கும் ஏறியது.

“என்ன மச்சாள், சத்தம் கேக்குது? பழைய மோட்டச்சைக்கிளோ?”

“விழாமல் வாறன்தானே. முன்னாலை பார்.”

வாயால் அப்படிச் சொன்னாலும் அவள் மனம் வேறெங்கோ இருந்தது. அத்தானுக்கு ஐஸ் என்றால் பயம். சமப்படுத்திய தடத்திலேயே ஐஸ் கண்ட இடத்தில் அவர் குந்திவிடுவார். இதைக் கடந்து போயிருக்கிறாரா? போயிருக்கிறார். தடம் கோணல்மாணலாய்ச் சரிவின் குறுக்கே போய் மறுபக்கம் ஏறியிருந்தது. இந்தப் பலகை அவரைத் தாங்கியிருக்கிறது.

மறுபக்கத்தில் மலை சாந்தமாகிவிட்டது. காற்றுப் படாத சரிவில் மாவாய் உதிரும் மாப்பனி இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. சாருகாவின் பலகையின் மூக்கு மேல்நோக்கி வளைந்தது. பனிக்குள் முங்காமல் மிதந்து எழும்பியது. பின்னால் “ஆ” என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் நிருஜன் இடுப்பளவு பனிக்குள் நின்றான்.

“சிரிச்சா அடிப்பன்.”

“ஆர் சிரிச்சது? ஊசியை வெளியாலை இழு.”

அவன் ஒவ்வொரு வளைவுக்கும் புதைந்தும் கிளம்பியும் மூச்சு வாங்கினான். காத்து நிற்கும் போதுதான் சாருகாவுக்கு அது உறைத்தது. அத்தான் இவனுடையதைப் போன்ற பலகையில் வந்திருந்தால் இந்த இடத்திலேயே புதைந்து, வெறுத்துப்போய்த் திரும்பியிருப்பார். பழகுநர் பலகை என்றால் ஐஸிலேயே உட்கார்ந்திருப்பார். எந்தப் பனியிலும் இடறாத பலகை யாரையும் திருப்பி அனுப்பாது. இன்னும் கொஞ்சம் போ, இன்னும் கொஞ்சம் போ என்று கூட்டிக்கொண்டு போகும்.

“நிருஜன், தடத்தைக் காணேல்லை.”

உண்மைதான். காற்று மாப்பனியை அள்ளித் தடத்தின் மேல் போட்டு மூடிவிட்டது. அந்த இடத்தில் மலை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் அகலமான தோள் போன்ற சரிவு, நேரே ஊர்வீடுகள் தெரிந்தன. இடப்பக்கம் பைன் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு ஓடைப் பள்ளம், ஊர்ஸ் எச்சரித்த பெரிய பள்ளம் அல்ல.

“வலப்பக்கம்தான்,” என்றான் நிருஜன். “சாய்வு குறைவு. வீடு தெரியுது. பழகாத ஆள் வேறை எங்கை போவார்?”

சாருகா பதில் சொல்லாமல் வலப்பக்கத் தோளில் கொஞ்சத் தூரம் சறுக்கிப் பார்த்தாள். காற்று அங்கே பனியை அலை அலையாக இறுக்கி வைத்திருந்தது. பலகை மறுபடி உதறியது, அதே கடகட, பல்லில் அதே அதிர்வு. நின்று, பலகையைக் குறுக்கே வைத்துப் பக்கப்படியாக மேலே ஏறி வந்தாள். பிறகு இடப்பக்கம் போனாள். சத்தம் அடங்கியது. மென்மையான பனி, பலகை பூனை போல் நடந்தது.

“அவர் இடப்பக்கம்தான் போயிருக்கிறார்.”

“எப்பிடித் தெரியும்?”

“என்ரை காலிலை இருக்கிறதுதான் அவரின்ரை காலிலையும் இருக்கு. இது உதறினா அவர் பயப்பிடுவார். உதறாத பக்கம் போவார்.”

“பிழைச்சா?”

“பிழைச்சா வெளிச்சம் போயிடும்,” என்றாள் சாருகா. “அதை எனக்குச் சொல்லாதை, தெரியும்.”

வோக்கிடோக்கியில் ஊர்ஸுக்கு ஓடைப் பள்ளம் என்று சொல்லிவிட்டு, ஒருவர் நின்று பார்க்க மற்றவர் சறுக்குவது என்று மாறி மாறி இறங்கினார்கள். மரங்களில் இருந்து பனி பொத்துப் பொத்தென்று விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சாருகா நின்று பார்த்தாள். “அத்தான்” என்று கூப்பிட்டாள். பள்ளம் அந்தக் குரலை விழுங்கியது.

நடுப்பகுதியில் மரம் இல்லாத ஒரு வெளி வந்தது. மத்தியான வெயில் பட்டு இளகி, பிறகு இறுகிய பனி. பார்வைக்கு மாப்பனியேதான். சாருகா நம்பிப் பாய்ந்தாள். அடுத்த கணம் மேற்பட்டை அப்பளம் போல் நொறுங்கி, பலகை இரண்டும் பொருக்குக்குக் கீழே போய்ச் சிக்கின. திரும்ப முயன்றாள், பலகை திரும்பவில்லை. தண்டவாளத்தில் ஏறின மாதிரி நேரே கொண்டுபோனது. முகம் அடிபட விழுந்தாள்.

“மச்சாள்!”

“இருக்கிறன். வராதை, நில்லு. இது பொருக்குப் பனி.”

வாயில் இரத்தம் உப்பாகக் கரித்தது. எழும்பப் பார்த்தவள் எழும்பவில்லை. கண்ணுக்கு நேரே, பொருக்கில் இன்னொரு ஆள் விழுந்த பள்ளம். அதற்கு அப்பால் ஒற்றைப் பலகை செங்குத்தாய்க் குத்தி நின்றது. அவளுடைய ரகம். கடையின் மஞ்சள் ஒட்டு அதில் இருந்தது.

“நிருஜன், அவர் இஞ்சைதான் விழுந்தவர்.”

விழுந்த பள்ளத்திலிருந்து வழுக்கிப்போன அடையாளம் கீழே ஒரு பெரிய பைன் மரத்தடிக்குப் போனது. இந்த மரங்களின் அடியில் பனி சேராது. கிளைகளுக்குக் கீழே கிணறு மாதிரி வெற்றிடம் இருக்கும். விழுந்தால் மேலேயுள்ள பனி வந்து மூடும். சாருகா பலகையைக் கழற்றிவிட்டு, வயிற்றால் ஊர்ந்து போனாள்.

“அத்தான்!”

ஒன்றுமில்லை. இன்னொரு முறை கூப்பிட வாயெடுத்தாள்.

“மெதுவாக் கூப்பிடு பிள்ளை. மரத்திலை இருக்கிற மிச்சப் பனியும் என்ரை தலையிலைதான் விழும்.”

சாருகா அழுதாள். சத்தமில்லாமல்தான், ஆனாலும் நிருஜன் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினான்.

நெஞ்சளவு பனிக்குள் புவன் நின்றார். உதடு நீலம். ஒரு கை கிளையைப் பிடித்தபடி விறைத்திருந்தது.

“கையை அசைக்க ஏலுமோ அத்தான்?”

“கை அசையுது. வலது கால்தான் பேச்சுக் கேக்குதில்லை. இலக்கியா பள்ளிக்கூடத்திலை நிக்குது, ஆரும்…”

“அக்கா கூட்டியந்திட்டா. நீங்கள் கதைக்காதையுங்கோ. இல்லை, கதையுங்கோ. நித்திரை கொள்ளாதையுங்கோ.”

“ஒண்டைச் சொல்லன், கதைக்கவோ வேண்டாமோ?”

மரத்தைச் சுற்றி வளைத்து, சரிவின் கீழ்ப்பக்கத்தால் மண்வெட்டி போட்டார்கள். மேலால் வெட்டினால் அவர் மேலேயே விழும். நிருஜன் வெட்ட, சாருகா கையால் வாரி எறிந்தாள். கையுறை நனைந்து, விரல்கள் மரத்துப்போய், பிறகு விரல் இருப்பதே தெரியாமல் போயிற்று. கயிற்றைக் கக்கத்துக்குள் கொடுத்து இழுத்தபோது புவன் ஒரு முறை மட்டும் அலறினார். அதோடு அவருடைய பகிடியும் நின்றுவிட்டது. கால் முழங்காலுக்குக் கீழே கோணியிருந்தது. உடம்பு நடுங்கி நடுங்கி, பிறகு நடுக்கம் குறையத் தொடங்கியது. அதுதான் சாருகாவைப் பயப்படுத்தியது.

வோக்கிடோக்கி பள்ளத்துக்குள் கரகரத்ததே தவிர, ஊர்ஸின் குரல் வரவில்லை.

“மீட்பு ஆக்கள் காட்டுப் பாதையிலைதான் நிப்பினம்,” என்றாள் அவள். “அவையளுக்கு ஓடைப் பள்ளமெண்டு மட்டும்தான் தெரியும், இந்த இடம் தெரியாது. ஆராவது போக வேணும்.”

“நீங்கள் போங்கோ, உங்கடை பலகை…”

“என்ரை பலகை வேண்டாம். காட்டுப் பாதை இப்ப முழுக்க ஐஸ். அதிலை நான் உதறி உதறிப் போய்ச் சேர இவர் தாங்க மாட்டார். உன்ரை ஊசிதான் சரி. போ மச்சான். கெதியாப் போ, ஆனா விழாதை.”

நிருஜன் பலகையைப் பூட்டினான். மரங்களுக்கு இடையால் பக்கப்படியாக இறங்கி, பாதை கண்ட இடத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பாய்ந்தான். ஐஸைக் கீறும் சத்தம் சீராகக் கேட்டு, தேய்ந்து போயிற்று.

சாருகா பலகைகளைப் பனியில் பரப்பி அதன்மேல் அத்தானைக் கிடத்தினாள். தன் மேலங்கியைக் கழற்றி அவரைச் சுற்றிவிட்டு, முதுகோடு முதுகாக ஒட்டி இருந்தாள்.

“சாரு.”

“ம்.”

“நல்ல பலகைதான். இவ்வளவு தூரம் வந்திட்டன் பார்.”

“பேசாதையுங்கோ அத்தான்.”

“கதைக்கச் சொன்னனிதானே.”

பிறகு அவர் கதைக்கவில்லை. அவள் அவரைக் கிள்ளினாள், பாட்டுப் பாடச் சொன்னாள், ஊரில் அவர் ஏறி விழுந்த பனைமரத்தின் கதையை மறுபடி கேட்டாள். பதிலுக்கு முனகல் வந்தது. பிறகு அதுவும் பிந்திப் பிந்தி வந்தது. மரநுனிகளில் வெளிச்சம் சிவந்து, சாம்பலாகும் நேரம், கீழே விசில் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல விசில். எல்லாருக்கும் முன்னால், பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து ஏறி வந்தவன் நிருஜன்.

காட்டுப் பாதை முடியும் இடத்தில் மீட்பு வாகனம் நின்றது. பிள்ளையை அயல்வீட்டில் விட்டுவிட்டு வந்த தயாளினி அதற்குப் பக்கத்தில், வேலைத்தலச் சட்டையின் மேல் யாரோ கொடுத்த கம்பளியோடு நின்றாள். தூக்குப் படுக்கை வந்ததும் கணவரின் முகத்தை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்திருந்தார்கள். அவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது.

“சாருவை ஏசாதை,” என்றார் புவன். “அவள் போக வேண்டாமெண்டுதான் சொன்னவள். நான்தான் கேக்கேல்லை.”

சாருகாவுக்கு அது எவ்வளவு வசதியான பொய். தலையை ஆட்டிவிட்டால் போதும்.

“இல்லை அக்கா. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. எங்கையும் போகுமெண்டுதான் சொன்னனான். எங்கை போகாதெண்டு சொல்லவே இல்லை. தெரிஞ்சிருந்தும் சொல்லேல்லை.”

தயாளினி தங்கையைப் பார்த்தாள். வெடித்த உதட்டில் உறைந்த இரத்தம். மேலங்கி இல்லை. நிருஜன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். தயாளினி தன் மேல் கிடந்த கம்பளியை எடுத்துத் தங்கையின் மேல் போட்டு, அவளுடைய விறைத்த கைகளைப் பிடித்து முரட்டுத்தனமாகத் தேய்த்தாள். நொந்தது. சாருகா கையை இழுக்கவில்லை.

“ஏறு,” என்றாள் தயாளினி. “ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை மிச்சத்தைச் சொல்லு. அது எங்கையெங்கை போகாதெண்டு ஒண்டும் விடாமச் சொல்லு. இவரும் கேக்கட்டும்.”

“இப்பவோ?” என்று முனகினார் புவன்.

“இப்பதான். உங்களாலை எழும்பி ஓட ஏலாது.”

கதவு மூடியது. வாகனம் மெல்ல உருண்டது. சாருகா அத்தானின் தலைமாட்டில் குந்தி, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“முதல்லை பொருக்குப் பனி, அத்தான்,” என்றாள். “பாக்க மாப்பனி மாதிரித்தான் இருக்கும்.”